கல்லா நிரம்புகிறது, கை ஏன் காலி?

கேள்வி: தேயிலைத் தோட்டத் தொழிலாளரை நம்பிப் பலசரக்குக் கடை நடத்துகிறேன். 2021ஐ விட விற்பனை இரண்டு மடங்கு, கூட்டத்துக்கும் குறைவில்லை. ஆனால் காசோலைக்குப் பணம் போடும் நாள் வந்தால் திண்டாட்டம். போன மாதம் மனைவியின் காப்பை அடகு வைத்துச் சரக்கு எடுத்தேன், தீபாவளிக்கு மீட்டுவிடுவேன். கடை நொடிக்கப் போவதை முன்கூட்டியே அறிய அடையாளம் ஏதும் உண்டா?
- வாசகர், தலவாக்கலை

பதில்: உண்டு. பாதியை நீங்களே எழுதிவிட்டு என்னிடம் கேட்கிறீர்கள்.

முதலில் அந்த ‘இரண்டு மடங்கு’. ரூபாயை விட்டுவிட்டு மூட்டையை எண்ணுங்கள். 2022 செப்டம்பரில் இலங்கையில் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டி நின்றது. அப்போது ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கவேயில்லை. 2021இல் வாரத்துக்கு எத்தனை மூட்டை கோதுமை மா போனது, இன்று எத்தனை போகிறது? பழைய பில் கட்டைப் பிரித்துப் பாருங்கள். மூட்டை குறைந்திருந்தால் வளர்ந்தது விலைதான், கடை சுருங்கியிருக்கிறது.

அடுத்தது கடன் கொப்பி. அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. என் சந்தேகமே அங்கேதான். முன்பெல்லாம் 10ஆம் திகதி சம்பளம் வாங்கிய கையோடு வந்து முழுக்கணக்கையும் தீர்த்து, பெயருக்குக் குறுக்கே கோடு போடவைத்துப் போனவர், இப்போது பாதியைத் தந்து “மிச்சம் அடுத்த மாதம், முதலாளி” என்கிறாரா? சொல்லிவிட்டு, நின்ற நிலையிலேயே இரண்டு கிலோ மாவும் சீனியும் கேட்கிறாரா? அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தோட்டத்தில் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350. விலைக்கும் சம்பளத்துக்கும் இடையே விழுந்த பள்ளத்தை உங்கள் முதலீட்டைப் போட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள். கடன் தரும் கடையில் கூட்டம் எங்கே குறைந்திருக்கிறது?

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டுக் கணக்கு ஹட்டனில் ஒரு கடையில் இருந்தது. பால்மா டின்கள் வரிசை கலையாமல் நிற்கும். ஒருநாள் ஒரு டின்னை எடுத்தேன். பின்னால் வெறும் பலகை. எல்லாவற்றையும் முன்னுக்கு இழுத்து ஒற்றை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். வருடம் முடிவதற்குள் கடைக்குப் பூட்டு விழுந்தது. உங்கள் அலுமாரியில் எத்தனை வரிசை?

வேலைக்கு நிற்கும் பையன்களின் சேமலாப நிதியையும் (ஓய்வுகாலச் சேமிப்பு) பாருங்கள். அவர்களிடம் கழித்த 8 சதவீதமும் உங்கள் 12 சதவீதமும் மறுமாதம் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டிய பணம். சரக்குக் கடனுக்கு ஆள் வந்து நிற்பான். இந்தக் காசு வாய் திறக்காது. அதனால்தான் முடை வந்தால் முதலில் இதில் கை வைக்கத் தோன்றும். வைத்துவிட்டீர்கள் என்றால் வேறு அடையாளம் தேட வேண்டியதில்லை.

வரும் 11ஆம் திகதி இரவு கடையைச் சாத்திவிட்டுக் கணக்குப் பாருங்கள். அலுமாரிச் சரக்கை வாங்கிய விலைக்குப் போடுங்கள், கையிருப்பைச் சேருங்கள். கொப்பியில் மூன்று மாதத்துக்கு மேல் நிற்கும் தொகையைப் பூச்சியம் என்று வையுங்கள். எழுதிக் கொடுத்த காசோலைகளை இது தாங்காவிட்டால் பழைய பாக்கிக்காரருக்குப் புதுக்கடன் நிறுத்தம். திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.

காப்பு விடயம். தோட்டத் தொழிலாளருக்குக் கிடைக்கும் தீபாவளி முற்பணம் உங்கள் கல்லாவுக்கு வரும் என்று நம்புகிறீர்கள். அதே பண்டிகைக்குத்தான் நீங்களும் கூடுதலாகச் சரக்கு எடுத்தாக வேண்டும். எந்தத் தீபாவளிக்கு மீட்பீர்கள் என்று எழுத மறந்துவிட்டீர்கள்.