ஒரே பொத்தானால் இயக்கவும் நிறுத்தவும்

கேள்வி: 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் சிறிய எல்.இ.டி. விளக்கு ஒன்றைச் செய்து வருகிறேன். ஒருமுறை அழுத்தினால் எரியவும் மறுமுறை அழுத்தினால் அணையவும் வேண்டும். கையை எடுத்ததும் விடுபட்டுவிடும் சாதாரணப் புஷ் பட்டனை, பிளிப்-பிளாப் (துடிப்பு வரும்போது இரண்டு நிலைகளுக்கிடையே மாறி, அதிலேயே நிற்கும் சுற்று) ஐ.சி.யான சிடி4013-உடன் நேரடியாக இணைத்துப் பார்த்தேன். சில சமயம் விளக்கின் நிலை மாறுகிறது. சில சமயம் மாறுவதேயில்லை. டைமர் வகையான 555 ஐ.சி.க்கு மாறிவிடலாமா?

பதில்: வேண்டாம். கையில் இருக்கும் ஐ.சி.யே இந்த வேலைக்குப் பொருத்தமானது. 555-ஐக் கொண்டும் ஒற்றைப் பொத்தான் சுற்று அமைக்கலாம் என்றாலும், அதன் பழைய, சிமாஸ் (மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் ஐ.சி. வகை) அல்லாத வகை 5 வோல்ட்டிலேயே சும்மா இருக்கும்போது ஏறத்தாழ 3 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்வதால், விளக்கை ஒருமுறைகூட எரிக்காவிட்டாலும் பேட்டரி சில நாட்களில் தீர்ந்துவிடும். சிடி4013 அறை வெப்பநிலையில் ஒரு மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும். பேட்டரி தானாக இழப்பதே அதைவிட அதிகம்.

கோளாறு ஐ.சி.யில் இல்லை, பொத்தானில் இருக்கிறது. அதன் உலோகத் தகடுகள் தொட்டவுடன் நிலைகொள்வதில்லை. சில மில்லி செகண்டு நேரம் தொட்டும் விலகியும் துள்ளுகின்றன. நமக்கு ஒரே அழுத்தமாகத் தெரிவது ஐ.சி.க்குப் பல துடிப்புகளாகப் போய்ச் சேர்கிறது. அவற்றின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக அமைந்தால் விளக்கு மாறும். இரட்டைப்படையாக அமைந்தால் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

பொத்தானுக்குக் குறுக்கே ஒரு கெப்பாசிட்டரை வைத்தால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. அது பாதித் தீர்வுதான். துள்ளல் அடங்கும், ஆனால் மின்னழுத்தம் மில்லி செகண்டுக் கணக்கில் மெல்ல ஏறும். சிடி4013-இன் கிளாக் முனையோ (நிலையை மாற்றும் துடிப்பைப் பெறும் உள்ளீடு), 5 வோல்ட்டில் 15 மைக்ரோ செகண்டுக்குள் ஏறி முடியும் துடிப்பை எதிர்பார்க்கிறது. மின்னழுத்தம் கூடக்கூட இந்த வரம்பு இன்னும் குறுகும். ஆகவே பொத்தானுக்கும் கிளாக் முனைக்கும் நடுவே ஷ்மிட் டிரிகர் வகையான சிடி40106 ஐ.சி.யின் ஒரு பகுதியை வையுங்கள். மெதுவாக நகரும் மின்னழுத்தத்தை அது செங்குத்தான துடிப்பாக மாற்றித் தரும்.

இணைப்பு முறை இது. சிடி40106-இன் 1-ஆம் காலிலிருந்து பேட்டரியின் நேர்முனைக்கு 100 கிலோ ஓம் ரெசிஸ்டரும், எதிர்முனைக்கு 0.22 மைக்ரோ பேரட் கெப்பாசிட்டரும் போடுங்கள். அதே காலிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகப் பொத்தானை எதிர்முனைக்குக் கொண்டுசெல்லுங்கள். 2-ஆம் காலை சிடி4013-இன் கிளாக்கான 3-ஆம் காலுடன் சேருங்கள். சிடி4013-இல் க்யூ-பார் எனப்படும் 2-ஆம் காலை டி உள்ளீடான 5-ஆம் காலுடன் இணைத்துவிட்டால், ஒவ்வோர் அழுத்தத்துக்கும் நிலை ஒருமுறை மாறும். சிடி4013-இன் 1-ஆம் காலில் கிடைக்கும் வெளியீடு விளக்கை நேரடியாகத் தாங்காது; 2என்7000 மாஸ்பெட்டின் (சுவிட்ச் போல இயங்கும் டிரான்சிஸ்டர்) கேட் முனைக்கு அதைக் கொடுத்து, எல்.இ.டி.யை அதற்குரிய ரெசிஸ்டருடன் டிரெய்ன் முனைக்கும் நேர்முனைக்கும் இடையில் வையுங்கள். மாஸ்பெட்டின் சோர்ஸ் முனை எதிர்முனைக்குப் போகும்.

பயன்படாத உள்ளீடுகளை அந்தரத்தில் விடக் கூடாது, சிமாஸ் ஐ.சி.க்களில் இதை அலட்சியம் செய்பவர்களே அதிகம். சிடி4013-இன் 6, 8, 9, 10, 11 ஆகிய கால்களையும், சிடி40106-இன் மற்ற ஐந்து உள்ளீடுகளையும் எதிர்முனையில் சேர்த்துவிடுங்கள். சிடி4013-இன் 4-ஆம் காலை இணைக்கும் முறை அடுத்த பதிலில் இருக்கிறது.

கேள்வி: இதே போன்ற சுற்றில் பேட்டரியை மாட்டியதும் சில நேரம் விளக்கு தானாக எரிகிறதே?

பதில்: மின்சாரம் வந்த கணத்தில் பிளிப்-பிளாப் எந்த நிலையையும் எடுக்கக்கூடும். சிடி4013-இன் ரீசெட் (அணைந்த நிலைக்குத் திருப்பும்) முனையான 4-ஆம் காலிலிருந்து நேர்முனைக்கு 0.1 மைக்ரோ பேரட் கெப்பாசிட்டரும், எதிர்முனைக்கு 100 கிலோ ஓம் ரெசிஸ்டரும் போட்டால், மாட்டியவுடன் ஒரு சிறு துடிப்பு எழுந்து விளக்கை அணைந்த நிலையில் வைக்கும்.

கேள்வி: எல்.இ.டி.க்குப் பதிலாகச் சிறு மோட்டாரை இணைக்கலாமா?

பதில்: இணைக்கலாம். ஆனால் 2என்7000 ஏறத்தாழ 200 மில்லி ஆம்பியர் வரைதான் தாங்கும். அதற்கு மேல் தேவையென்றால் ஐஆர்எப்இசட்44என் போன்ற பெரிய மாஸ்பெட்டைப் போடுங்கள். மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டயோடை, அதன் கேத்தோடு நேர்முனையைப் பார்த்திருக்குமாறு, கட்டாயம் வைக்க வேண்டும்.