டாக்டரம்மாவிடம் கேளுங்கள்: அண்ணனுக்கு வந்தது தம்பிக்கும் வருமா?

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எங்கள் வீட்டுக்காரர் காசிமேட்டில் மீன்பிடி லாஞ்சுக்குப் போகிறவர். வயது 49. போன மாதம் குடலிறக்க ஆபரேஷனுக்காக ரத்தம் பார்த்தபோது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமி இருப்பதாக வந்தது. கல்லீரல் இன்னும் கெடவில்லையாம். சோஃபோஸ்புவிர், டக்ளாட்டாஸ்விர் என்று 12 வாரத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். தொடவே மாட்டேன் என்கிறார். காரணம், அவர் அண்ணன். 2011ல் அண்ணனுக்கும் இதே நோய். வாரம் ஒரு ஊசி போட்டார்கள். நாலாவது மாதம், ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டது. அன்றோடு ஊசியை நிறுத்தினார்கள். இப்போது கோல் ஊன்றி நடக்கிறார், வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். "அண்ணனைப் படுக்க வைத்த மருந்தை எனக்கும் கொடுக்கப் பார்க்கிறியா?" என்று வீட்டில் தினமும் சண்டை. இவருக்கு பிரஷர் 160க்கு 100. அதற்கும் மருந்து கிடையாது. நான் என்ன செய்யட்டும்?
பெயர் வேண்டாம், காசிமேடு

பதில்: அம்மா, உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவதில் அசட்டுத்தனம் எதுவும் இல்லை. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார். ஆனால் அவர் பார்த்தது வேறு மருந்து.

அண்ணனுக்குப் போட்டது இன்டர்ஃபெரான் ஊசி. அந்தக் காலத்தில் வேறு வழியில்லை. 24 வாரம், சிலருக்கு 48 வாரம். ஊசி போட்ட ராத்திரியெல்லாம் காய்ச்சல், உடம்பு முறித்துப் போட்ட மாதிரி வலி, சிலருக்குக் காரணமில்லாத அழுகை. கூடக் கொடுத்த ரிபாவிரின் மாத்திரை ரத்தத்தைக் கரைத்து சோகை கொண்டுவரும். பழைய வண்ணாரப்பேட்டையில் என் கிளினிக் ஃப்ரிட்ஜில் நாலைந்து பேருடைய ஊசி எப்போதும் இருக்கும். உங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் மீன் ஐஸ் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து, ஊசி உறைந்து வீணாகி, அதை வாங்க விற்ற சம்சாரத்தின் வளையல் போனது போனதுதான்.

அந்த ஊசியோடு வரும் எச்சரிக்கைத் தாளில் பக்கவாதம் இருக்கிறது. அடைப்பால் வருவது, ரத்தக் கசிவால் வருவது, இரண்டுமே. 45 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், பிரஷர் சர்க்கரை என்று பெரிதாக எதுவும் இல்லாதவர்களுக்கும்கூட வந்திருப்பதாக அதில் எழுதியிருக்கிறது. அதே தாள் இன்னொன்றும் சொல்கிறது: இவை ஊசி போட்டுக்கொண்டவர்களைப் பற்றித் தாமாகத் தெரிவிக்கப்பட்ட தகவல்கள், அதனால் எத்தனை பேரில் ஒருவருக்கு என்று கணக்குச் சொல்ல முடியாது, ஊசிதான் காரணம் என்று அடித்துச் சொல்வதும் கடினம்.

மண்ணடிக்குப் போன அன்றைக்கு என் செருப்பு அறுந்தது என்று வையுங்கள். மண்ணடி அறுத்தது என்று சொல்ல முடியாது. ஆனால் போகிறவர்கள் பல பேருக்கு அறுந்தால், அந்த ரோட்டைப் போய்ப் பார்க்கத்தான் வேண்டும். மருந்துத் தாளில் 'பதிவாகியுள்ளது' என்று போடுவதன் பொருள் அவ்வளவுதான். அண்ணனுக்கு ஊசியால் வந்ததா, இல்லை அவருக்கும் உங்கள் வீட்டுக்காரர் மாதிரி யாரும் கவனிக்காத பிரஷர் இருந்ததா என்று இத்தனை வருஷம் கழித்து நான் மட்டுமில்லை, யாராலும் சொல்ல முடியாது.

இப்போது எழுதிக் கொடுத்திருப்பது ஊசியே இல்லாத வைத்தியம். சோஃபோஸ்புவிர் 2013 கடைசியில் அமெரிக்காவிலும் 2015ல் இந்தியாவிலும் அனுமதி பெற்றது. இன்டர்ஃபெரான் நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே உசுப்பிவிடும், அதனால்தான் அத்தனை தொல்லை. இந்த மாத்திரைகள் கிருமி பெருகுவதை மட்டும் தடுக்கின்றன. தலைவலி, அசதி, கொஞ்சம் குமட்டல், பெரும்பாலும் அதோடு சரி. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு நோய் அடியோடு போய்விடுகிறது. ஊசிக்கு இருந்த அந்தப் பக்கவாத எச்சரிக்கை இவற்றுக்குக் கிடையாது. அரசின் சிகிச்சை மையங்களில் 2018ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் இலவசமாகவே தருகிறார்கள்.

இதற்கென்று வேறு எச்சரிக்கைகள் உண்டு. இதயத் துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிடுகிறவர்களுக்குத் துடிப்பு ஆபத்தான அளவு குறையலாம். ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தால் விழித்துக்கொள்ளலாம். ஆகவே மாத்திரை தொடங்கும் முன் பி பரிசோதனை ஆகிவிட்டதா என்று கேளுங்கள். கொழுப்பு மாத்திரை, அல்சர் மாத்திரை, எதுவானாலும் அட்டையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

உங்கள் வீட்டில் பக்கவாதத்தைக் கொண்டுவரக்கூடியது எது தெரியுமா? அந்த 160க்கு 100. மாத்திரை வேண்டாம் என்று அடம்பிடிக்கிறவர் பிரஷரோடு கடலுக்குப் போய்வருகிறாரே, அதற்கு யாரும் சண்டை போடவில்லை! கடலில் பத்து நாள் தங்குகிறவருக்குக் கருவாடும் ஊறுகாயும்தான் தொட்டுக்கொள்ள. அதைக் குறைக்கச் சொல்லுங்கள், பிரஷர் மருந்தை இந்த வாரமே ஆரம்பிக்க வையுங்கள். சி கிருமியை அப்படியே விட்டுவைப்பதும் ரத்தக்குழாய்க்கு நல்லதில்லை. அது உள்ளவர்களுக்குப் பக்கவாதம் கூடுதலாக வருவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், மாத்திரை 84 நாள். தடை தொடங்கும் அன்றே ஆரம்பித்தாலும் கடைசி 23 நாள் கடலில்தான். பாட்டிலோடு, தண்ணீர் படாத டப்பாவில் கொடுத்தனுப்புங்கள். நடுவில் விடக் கூடாது.

வாய் ஒரு பக்கம் கோணினால், கை தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால் உடனே 108. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, அதற்குள் ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். பக்கவாதத்துக்கு மருந்து என்று புறா ரத்தம் தேடி யாரும் கிளம்ப வேண்டாம். நம் ஏரியாவில் புறாவுக்குப் பஞ்சமில்லை என்பதால் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. அண்ணனுக்கு நாலாவது மாதம் ஊசியை நிறுத்தினார்கள், சரி. அதன் பிறகு கிருமி போய்விட்டதா என்று யாராவது பார்த்தார்களா? நீங்கள் எழுதவில்லை. பார்த்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கிருமி இருந்தால் அவருக்கும் இந்த மாத்திரை உண்டு. ஆனால் ஃபெனிடாயின், கார்பமாசெபைன் போன்ற வலிப்பு மாத்திரைகள் இதன் வேலையைக் கெடுத்துவிடும், சேர்த்துச் சாப்பிடக் கூடாது. நீங்களாக வலிப்பு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நரம்பு டாக்டர் முதலில் வேறொன்றுக்கு மாற்றித் தர வேண்டும். அண்ணன் முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டால், தம்பியிடம் நீங்கள் வாதாட வேண்டியிருக்காது.

கேள்வி: ஹெபடைடிஸ் சி மாத்திரையோடு கீழாநெல்லியும் அரைத்துக் குடிக்கலாமா?
தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: அந்த 12 வாரம் வேண்டாம். கீழாநெல்லியை நான் இளக்காரமாகப் பேசவில்லை. பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய பிளம்பர்க்கே நம் சென்னை ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து 1988ல் அதைப் பற்றி எழுதினார். ஆனால் அது பி கிருமி. அதிலும் பிறகு வந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. சி கிருமிக்கு மாத்திரை இருக்கிறது, அதை மட்டும் சாப்பிடுங்கள்.

கேள்வி: எனக்கு சி குணமாகிவிட்டது என்று சான்று இருக்கிறது. ரத்த தானம் செய்யலாமா?
கொருக்குப்பேட்டை வாசகர்

பதில்: கூடாது. கிருமி போனாலும் அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடி ரத்தத்தில் தங்கிவிடும், ரத்த வங்கியின் சோதனையில் 'பாசிட்டிவ்' என்றே காட்டும். இன்னொன்று, ஒருமுறை குணமானவருக்குத் திரும்பவும் தொற்றலாம். சலூனில் புது பிளேடு கேட்டு வாங்குங்கள்.