புத்தகத்தில் இல்லாத ஆள்

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தில் ட்ரூமன் கபோட்டி எழுதிய ‘இன் கோல்ட் பிளட்’ படித்தோம். அது நிஜக் கொலை வழக்கு என்பதால் வரிக்கு வரி நம்பினேன். பிறகு அவரைப் பற்றிய ‘கபோட்டி’ படத்தைப் பார்த்தோம். அதிலிருந்து புத்தகத்தைத் தொடவே மனம் வரவில்லை. எங்கள் பேட்டையில் நடந்த ஒரு கொலையைப் பற்றி எழுத நினைத்திருந்தேன். விட்டுவிடலாமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கான்சஸ் மாநிலத்தின் ஹோல்கொம்ப் ஊரில் 1959 நவம்பர் 15 அன்று கிளட்டர் குடும்பத்தில் 4 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களை உயிருள்ள மனிதர்களாக நமக்குக் காட்டியது அந்தப் புத்தகம்தான். அந்த வீட்டு மகள், 16 வயது நான்சி, பக்கத்து வீட்டுச் சிறுமிக்குச் செர்ரி பை செய்யக் கற்றுத் தருகிறாள். மறுநாள் தேவாலயத்துக்குப் போட வேண்டிய உடையை எடுத்து வைக்கிறாள். அந்த உடையிலேயே அவளை அடக்கம் செய்கிறார்கள். வீட்டில் பெட்டி நிறையப் பணம் இருக்கும் என்று வந்த கொலைகாரர்களுக்குக் கிடைத்தது 50 டாலருக்கும் குறைவு. படம் பார்ப்பவர்களுக்கு நான்சி அவ்வளவாகப் பழக்கமாவதில்லை. அங்கே கதை முழுக்க எழுத்தாளரைப் பற்றியது.

புத்தகத்திலோ அந்த எழுத்தாளரே இல்லை, ‘நான்’ என்று ஒரு இடத்திலும் வர மாட்டார். பல ஆண்டுகள் சிறைக்குப் போய், கொலைகாரர்கள் இருவரில் ஒருவரான பெர்ரி ஸ்மித்திடம் கதை கேட்டவர், அந்த இருவரின் தூக்கு தள்ளிப் போகப் போக முடிவு எழுத முடியாமல் தவித்தவர். 1965 ஏப்ரல் 14 அன்று இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த ஆண்டே ‘நியூயார்க்கர்’ இதழில் தொடர் வந்துவிட்டது. 2005இல் வந்த படத்தில் கபோட்டியாக நடித்த பிலிப் சீமோர் ஹாஃப்மன் அந்தத் தவிப்பை முகத்தில் கொண்டுவருகிறார். அவர்களைக் காப்பாற்ற என்னால் எதுவும் செய்திருக்க முடியாது என்று கபோட்டி சொல்ல, நீ காப்பாற்ற விரும்பவில்லை என்கிறார் தோழி ஹார்ப்பர் லீ. உங்களை உலுக்கியது இந்த இடம்தான் என்று நினைக்கிறேன்.

அதற்காகப் படத்தையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். தூக்கு நாளில் ‘நியூயார்க்கர்’ ஆசிரியர் ஷான் கபோட்டியுடன் போவதாக அதில் வருகிறது. உண்மையில் போனவர் பதிப்பகத்தைச் சேர்ந்த ஜோ ஃபாக்ஸ். புத்தகத்தின் மீதான குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. எல்லாமே உண்மை என்று மார்தட்டிய கபோட்டி, கல்லறையில் நடக்கும் கடைசிக் காட்சியைத் தானாக இட்டுக்கட்டினார். எனக்கு அதுதான் மன்னிக்க முடியாத தவறு.

நீங்கள் எழுதுங்கள். நம் தென்னாப்பிரிக்காவில் 1995 ஜூன் 6 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் மரண தண்டனையை ஒழித்துவிட்டது. ஒருவர் சாவுக்காகக் காத்திருந்து புத்தகத்தை முடிக்க வேண்டிய நிலை உங்களுக்கு வராது. முதலில் இறந்தவரின் வீட்டாரைப் போய்ப் பாருங்கள். எழுதப் போகிறேன் என்று மறைக்காமல் சொல்லுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். சம்மதித்தால், யார் எதைச் சொன்னார்கள் என்று குறித்து வையுங்கள். பார்க்காத காட்சியைப் பார்த்தது போல எழுதாதீர்கள். முதல் அத்தியாயத்திலேயே நீங்களும் வாருங்கள்: இந்தத் தெருக்காரி, இவர்களைத் தெரிந்தவள், இதனால் எழுதுகிறேன் என்று. வழக்கு இன்னும் நீதிமன்றத்தில் இருந்தால் தீர்ப்பு வரும்வரை எதையும் வெளியிட வேண்டாம். குறிப்பு மட்டும் எடுங்கள்.