163 மீட்டர்தானே என்று கிளம்பாதீர்கள்: அம்மா அப்பாவோடு புக்கிட் தீமா காட்டுக்கு

வாசகி ஒருவர் கேட்கிறார்: "கும்பகோணத்திலிருந்து அம்மாவும் அப்பாவும் சிங்கப்பூருக்கு வந்திருக்கிறார்கள். ஒரு மாதம் இருப்பார்கள். அம்மாவுக்கு 63 வயது, முழங்கால் வலி உண்டு. அப்பாவுக்கு 69, சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். கடைத்தொகுதிகளைப் பார்த்து இரண்டு பேருக்கும் அலுத்துவிட்டது. 'இந்த ஊரில் காடு கீடு ஏதாவது இருக்கா?' என்று அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஐந்து வயது மகளையும் சேர்த்துப் புக்கிட் தீமா மலைக்கு அழைத்துப்போகலாமா? குரங்குத் தொல்லை அதிகம் என்கிறார்களே?"

தாராளமாகப் போகலாம். ஆனால் "உச்சிக்குப் போகிறோம்" என்று மட்டும் வீட்டில் சொல்லிக் கிளம்பாதீர்கள். சொல்லிவிட்டால் உங்கள் அப்பா பாதியில் திரும்ப மாட்டார். அம்மா வலியை வெளியே சொல்ல மாட்டார். பல வருடங்களாக ஊர்க்காரர்களை இந்தக் காட்டுக்குக் கூட்டிப்போய் வருகிறேன். மூச்சு வாங்கி உட்கார்ந்தவர்கள் எல்லாருமே "163 மீட்டர்தானே" என்று கிளம்பியவர்கள்தான்.

சிங்கப்பூரில் இயற்கையாக அமைந்த மேடுகளில் இதுதான் மிக உயரம். சரியாகச் சொன்னால் 163.63 மீட்டர். உச்சியில் ஒரு பாறையில் இந்த எண்ணை எழுதியே வைத்திருக்கிறார்கள். பழனி மலை ஏறியவர்களுக்கு இது பெரிய உயரமில்லைதான். ஆனால் பழனியில் படி உண்டு, நடுநடுவே மண்டபம் உண்டு. இங்கே பார்வையாளர் மையத்தைத் தாண்டியவுடனேயே தார்ச்சாலை செங்குத்தாக எழும்புகிறது. உடம்பு சூடேறுவதற்கு முன்பே கடினமான ஏற்றம் வந்துவிடும். அந்த முதல் பத்து நிமிடத்தில் வேகத்தைக் காட்டினால், அன்றைய நடை அங்கேயே முடிந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உச்சிக்குப் போனால் ஊரே தெரியும் என்று நினைக்காதீர்கள். சுற்றிலும் மரம், பக்கத்தில் தொலைத்தொடர்புக் கோபுரம், படம் எடுக்க வரிசையில் நிற்கும் கூட்டம், அவ்வளவுதான். பார்க்க வேண்டியதெல்லாம் வழியிலேயே இருக்கிறது. அதனால் அம்மா எங்கே "போதும்" என்கிறாரோ, அதுதான் உங்களுக்கு உச்சி.

முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும். இறங்கும்போது உடம்பின் பாரம் முழுவதும் முட்டியில் வந்து விழும். "ஏறிவிட்டேன், இறங்குவதா பெரிய விஷயம்?" என்று கேட்டவர்கள் மறுநாள் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை. ஆகவே ஏறும்போதே கணக்குப் போடுங்கள்: அம்மாவின் தெம்பில் பாதி தீர்வதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும். படிக்கட்டுப் பாதை எதிலும் அவரை இறக்க வேண்டாம். தார்ச்சாலையிலேயே போய்த் தார்ச்சாலையிலேயே வாருங்கள். இறங்கும்போது சின்னச் சின்ன அடியாக, முட்டியைக் கொஞ்சம் மடக்கியே வைத்து, சாலையில் லேசாக வளைந்து வளைந்து நடக்கச் சொல்லுங்கள். அடியில் ரப்பர் வைத்த ஊன்றுகோல் ஒன்று கையில் இருந்தால் பாதிக் கவலை போய்விடும். வழியில் ஒதுங்கி உட்காரக் குடில்கள் இருக்கின்றன. அம்மா அங்கே உட்காரட்டும், நீங்களும் அவரோடு இருங்கள். அப்பாவும் பேத்தியும் இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

அப்பாவின் சர்க்கரை விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "வந்து சாப்பிட்டுக்கொள்கிறேன்" என்று கிளம்ப விடாதீர்கள். சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சட்டைப் பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். நடுக்கம், வேர்வை, திடீரென்று ஒரு சோர்வு என்றால் உடனே உட்காரவைத்து மிட்டாயைக் கொடுங்கள். சிக்கல் என்னவென்றால், இந்தக் காட்டுப் புழுக்கத்தில் எல்லோருக்குமே வேர்த்துக் கொட்டும். அதனால் வேர்வையை மட்டும் வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. அவர் பேச்சையும் நடையையும் கவனியுங்கள். நெஞ்சில் அழுத்தம் என்றால் யோசிக்காமல் 995-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். மூச்சிரைப்போ நெஞ்சு வலியோ முன்பே இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இந்த ஏற்றம் வேண்டாம்.

எப்போது போவது? வார நாள் காலை. இந்தக் காட்டுப் பகுதி ஓர் இயற்கைக் காப்பகம், தினமும் காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும், கட்டணம் கிடையாது. சிங்கப்பூரில் சூரியன் உதிப்பதே கிட்டத்தட்ட ஏழு மணிக்குத்தான் என்பதால், 7-க்கே போய் நின்றால் மரத்தடி இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். ஏழரை, எட்டு சரியாக இருக்கும். சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு மலையேற்றப் பயிற்சி செய்பவர்கள் மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருப்பார்கள், நின்று எதையும் பார்க்க முடியாது. பிற்பகலில் இங்கே இடியும் மின்னலும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இடிச் சத்தம் கேட்டால் திரும்பிவிடுங்கள். பெருமழை பெய்த மறுநாளும் போகாதீர்கள், பாசி வழுக்கும், நனைந்த கிளைகளும் முறிந்து விழும்.

டௌன்டவுன் ரயில் பாதையில் பியூட்டி வோர்ல்ட் ஸ்டேஷனில் இறங்கினால் கால் மணி நடை. ஆனால் அம்மாவின் கால் தெம்பை அந்த நடையில் செலவழிக்க வேண்டாம். ஹிண்டீட் டிரைவ் கடைசி வரைக்கும் டாக்சியில் போய் இறங்குங்கள். கழிப்பறை வேலையெல்லாம் கீழே பார்வையாளர் மையத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள், மேலே எதிர்பார்க்காதீர்கள். உடை விஷயத்தில், புடவைதான் கட்டுவேன் என்று அம்மா சொன்னால் தார்ச்சாலைக்குப் பரவாயில்லை, கொஞ்சம் உயர்த்திக் கட்டிக்கொண்டால் போதும். செருப்பு மட்டும் கூடாது. பின்பக்கம் பட்டை இல்லாத செருப்பு இறக்கத்தில் காலைவிட்டு முன்னே ஓடும். கேன்வாஸ் ஷூ வாங்கிக் கொடுத்து இரண்டு நாள் வீட்டைச் சுற்றி நடக்க வையுங்கள்.

சரி, குரங்கு. இங்கே இருப்பது நீள்வால் குரங்கு. ஊரில் கோயில் மரங்களில் பார்க்கிறோமே, உச்சந்தலையில் தொப்பி வைத்த மாதிரி முடியோடு, அதற்கு ஒன்றுவிட்ட உறவு. தானாக வந்து யாரையும் கடிக்கும் சாதியில்லை. ஆனால் பிளாஸ்டிக் பை சலசலத்தால் சாப்பாடு என்று அதற்கு நன்றாகத் தெரியும். ஒரு முறை நண்பரின் அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கைச் சிவப்புப் பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். நான் பார்த்தும் சொல்லவில்லை, என் தப்புத்தான். ஒரு பெண் குரங்கு, வயிற்றைக் கட்டிக்கொண்டு தொங்கும் குட்டியோடு, சாலையோரத்தில் எங்களோடு கூடவே பத்தடி நடந்தது. யாரையும் பார்க்காத மாதிரி ஒரு பாவனை. அடுத்த நொடி பை இல்லை. கிளையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்கக்கூட இல்லை, அடியைப் பல்லால் கிழித்து முறுக்கை ஒவ்வொன்றாக எடுத்துக் கடித்தது. அந்த அம்மா பயப்படவில்லை. "நல்லா மொறுமொறுன்னு இருக்குல்ல?" என்று அதையே கேட்டார். எங்களுக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பை கிழிந்ததோடு போனது எங்கள் அதிர்ஷ்டம். அவர் பையை விடாமல் இழுத்திருந்தால் கடி விழுந்திருக்கும். ஆகவே கையில் பை வேண்டாம், தின்பண்டம் வேண்டாம். மகள் கையில் பிஸ்கட் கூடாது, பழச்சாறு டப்பாவும் கூடாது. தண்ணீர் பாட்டில் முதுகுப் பைக்குள் ஜிப் போட்டு இருக்கட்டும். குரங்கைக் கண்ணோடு கண் பார்க்காதீர்கள். பல் தெரியச் சிரித்தால் அதற்கு வேறு அர்த்தம், குழந்தைக்கு இதை முன்கூட்டியே விளையாட்டாகச் சொல்லிக் கொடுங்கள்: "குரங்கைப் பார்த்தால் வாயை மூடு." கூட்டமாக உட்கார்ந்திருந்தால் மகளைத் தூக்கிக்கொள்ளுங்கள், ஓடாமல் மெதுவாகக் கடந்து போங்கள். ஊரில் அனுமாருக்கு என்று வாழைப்பழம் கொடுத்துப் பழகிய கை நம்முடையது. இங்கே அது குற்றம். வனவிலங்குகளுக்குத் தீனி போட்டால் முதல் முறைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்கலாம். அம்மாவிடம் இதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்.

இனி, பார்க்க என்ன இருக்கிறது என்று வருவோம். காடு என்றதும் யானை, மான் என்று எதிர்பார்த்தால் அப்பா ஏமாந்துபோவார். இங்கே மரம்தான் ராஜா. சிராயா என்ற மரத்தை அவருக்குக் காட்டுங்கள். அடிமரம் கிளையே இல்லாமல் தூண் மாதிரி போய், உச்சியில் மட்டும் குடை விரித்திருக்கும். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். அம்மா வெள்ளிக்கிழமை சாம்பிராணியோடு குங்கிலியம் போடுவார் அல்லவா? அந்த வெள்ளைக் குங்கிலியம் தரும் மரங்களும் இந்தச் சிராயாவும் ஒரே குடும்பம். இதை ஒருமுறை சொல்லிவிட்டால், அப்புறம் அவர் ஒவ்வொரு மரத்தையும் தொட்டு முகர்ந்து பார்த்துக்கொண்டுதான் வருவார். முட்டிக்கும் அது ஓய்வு.

அடுத்தது கொலுகோ. இதைக் கண்டுபிடிப்பதுதான் மகளுக்கு வேலை. பூனை அளவு பிராணி, பகலில் மரத்தண்டை அணைத்தபடி அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். நிறம் மரப்பட்டையில் பாசி படர்ந்த மாதிரியே இருக்கும். தண்டின் ஓரக்கோட்டைப் பாருங்கள், நேராக வரும் கோடு ஓரிடத்தில் மட்டும் புடைத்திருந்தால் அது கொலுகோவாக இருக்கலாம். கழுத்து முதல் வால் வரை தோல் விரிந்திருப்பதால், மாலை மங்கியதும் மரம் விட்டு மரம் காற்றில் சறுக்கிப் போகும். பறக்கும் லெமூர் என்று சிலர் சொல்வதுண்டு. அது லெமூரும் இல்லை, உண்மையில் பறப்பதும் இல்லை. பறவைகளில் துடுப்புவால் கரிச்சானைத் தேடுங்கள். வாலிலிருந்து இரண்டு கம்பி நீண்டு, நுனியில் மட்டும் இறகு ஒட்டியிருக்கும், பறக்கும்போது பின்னால் இரண்டு வண்டு துரத்துவது போல இருக்கும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இது உண்டு.

வண்டு என்றதும் ஞாபகம் வருகிறது. ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற இயற்கையாளர் 1854-ல் சிங்கப்பூர் வந்து, இந்தப் புக்கிட் தீமா பக்கத்தில் தங்கி வண்டு பிடித்தார். சுமார் இரண்டு மாதத்தில் அவருக்குக் கிடைத்தவை ஏறத்தாழ 700 வகை. அன்று இங்கே புலிகளும் இருந்தன, புலி பிடிக்கத் தோண்டிய குழிகளுக்குப் பயந்துகொண்டே நடந்திருக்கிறார். அப்பாவுக்குக் கதை வேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள். இன்று புலி இல்லை. பாம்பு உண்டு, ஆனால் பாதையைவிட்டு இறங்காதவரை கவலை இல்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடிக்கும் முன் ஒரு பார்வை பாருங்கள், கம்பளிப்பூச்சி ஊர்ந்துகொண்டிருக்கும். கொசு மருந்து தடவிக்கொள்வது நல்லது.

இவ்வளவும் படித்துவிட்டு "அம்மாவுக்கு இந்த ஏற்றமே கஷ்டம்" என்று தோன்றினால், இரண்டு வழி உண்டு. பார்வையாளர் மையத்துக்குப் பக்கத்திலேயே ஹிண்டீட் இயற்கைப் பூங்கா இருக்கிறது. பழைய கருங்கல் குவாரி ஒன்றில் தண்ணீர் நின்று ஏரியாகிவிட்டது, அதைப் பார்க்கும் மேடை வரை நடை மிகக் குறைவு. குழந்தைகளுக்கு விளையாட்டு இடமும் உண்டு. அங்கும் குரங்கு வரும், அதே விதிதான்.

உண்மையில் நானாக இருந்தால் அம்மாவை முதலில் பொட்டானிக் கார்டன்ஸுக்குத்தான் கூட்டிப்போவேன். பூங்கா என்றதும் புல்வெளி மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 1859-ல் அந்தத் தோட்டத்தைத் தொடங்குவதற்கு முன்பிருந்தே அங்கே நின்ற மழைக்காட்டில் ஆறு ஹெக்டேர் இன்னும் அப்படியே இருக்கிறது. அதனூடே பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், புக்கிட் தீமா மாதிரி ஏற்றம் கிடையாது. பொட்டானிக் கார்டன்ஸ் ஸ்டேஷனில் இறங்கினால் தோட்டத்தின் மறுகோடியிலிருந்து நெடுந்தூரம் நடக்க வேண்டும், நேப்பியர் ஸ்டேஷனில் இறங்குங்கள். அங்கே அம்மா முக்கால் மணி நேரம் வலியில்லாமல் நடந்துவிட்டால், ஒரு நாள் விட்டுப் புக்கிட் தீமாவுக்குப் போகலாம். முட்டி வீங்கியிருந்தால் அப்பாவை மட்டும் கூட்டிக்கொண்டு போங்கள்.

போய்விட்டுப் பசியோடு வந்தால், பியூட்டி வோர்ல்ட் சென்டர் நாலாவது மாடியில் உணவங்காடி இருக்கிறது. சைவம்தான் வேண்டும், ஃபில்டர் காப்பி வேண்டும் என்றால் அதே டௌன்டவுன் பாதையில் ஏறுங்கள், ரயில் மாறாமல் லிட்டில் இந்தியாவில் போய் இறங்கலாம். பையில் மாற்றுச் சட்டை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வேர்வையில் நனைந்த சட்டையோடு ரயில் ஏசியில் உட்கார்ந்தால் அப்பாவுக்குச் சளி பிடித்துவிடும் என்று அம்மா வழி முழுக்க உங்களைத்தான் திட்டுவார்.