ஊசி வேண்டாம் என்கிறான் மகன்: அகாடமி கட்டாயப்படுத்த முடியுமா?

கேள்வி: நாங்கள் அருவங்காட்டில் இருக்கிறோம். மகனுக்கு ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் தேசிய பாதுகாப்பு அகாடமியில் (என்.டி.ஏ.) இடம் கிடைத்திருக்கிறது. அங்கே தடுப்பூசி போடுவார்களாம். எங்கள் விசுவாசத்துக்கு அது ஆகாது என்று பிடிவாதமாக நிற்கிறான். அமெரிக்காவில் ஊசியை மறுத்த கேடட்கள் (பயிற்சி மாணவர்கள்) ஜெயித்தார்களாமே. நம் சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: அம்மா, கையைப் பிடித்து ஊசி போட யாருக்கும் அதிகாரம் இல்லை. கோவிட் ஊசிக் கட்டாயத்தை எதிர்த்த ஜேக்கப் புலியேல் வழக்கில் 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. அதே தீர்ப்பு, பொது சுகாதாரத்துக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் சொல்கிறது. ஊசியை மறுப்பது அவன் உரிமை. மறுத்துவிட்டு அகாடமியில் நீடிப்பதும் உரிமையா என்பதுதான் சிக்கல்.

மனசாட்சிச் சுதந்திரம் தரும் அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவே அதைப் பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் மூன்றுக்கும் உட்படுத்தித்தான் தருகிறது. படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க 33-வது பிரிவு நாடாளுமன்றத்துக்கு வழிவிடுகிறது. இன்னும் அதிகாரியாக நியமனம் (கமிஷன்) ஆகாத கேடட்டுக்கு அது பொருந்தாது என்று வாதாடலாம், நானும் வாதாடுவேன். ஆனால் பிள்ளைகள் ஒன்றாகப் படுத்து, ஒரே மெஸ்ஸில் சாப்பிடும் இடம் அது. நீதிபதி சுகாதாரத்தின் பக்கம்தான் சாய்வார் என்பது என் கணிப்பு.

அமெரிக்காவில் 2022-லேயே கடலோரக் காவல்படை அகாடமி கோவிட் ஊசியை மறுத்த ஏழு கேடட்களை வெளியேற்றியது. 2023 ஜனவரியில் ராணுவத்தின் கோவிட் ஊசி உத்தரவு நீங்கியது, காங்கிரஸ் சட்டம் போட்டதால். மத நம்பிக்கையைக் காக்க அங்கே 1993-லிருந்து தனிச் சட்டமும் உண்டு. இங்கே அப்படி ஒன்று இல்லை. நம் விமானப்படையில் கோவிட் ஊசியை மறுத்த ஒன்பது பேருக்கு விளக்கம் கேட்டு ஷோகாஸ் நோட்டீஸ் போனது. பதில் தராத ஒருவர் வேலையை இழந்தார் என்று மத்திய அரசே 2021 ஆகஸ்டில் குஜராத் உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தது. அதனால் எந்த நோட்டீஸ் வந்தாலும் கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள்.

சேரும்போது பெற்றோர் கையெழுத்துப் போடும் பாண்டை (உறுதிப் பத்திரத்தை) வரி வரியாகப் படியுங்கள். தன் கட்டுக்குள் இருக்கும் காரணத்தால் கேடட் பயிற்சியை முடிக்காவிட்டால் படிப்பு, சாப்பாடு, உடை, கொடுத்த உதவித்தொகை வரை செலவைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். ஊசி மறுப்பை அந்தக் கணக்கில்தான் சேர்ப்பார்கள்.

ஒவ்வாமை உண்மையில் இருந்தால் மருத்துவ விலக்கு கேளுங்கள், அது வேறு வழி. இல்லாத ஒவ்வாமைக்கு டாக்டர் சர்டிபிகேட் வாங்கவே வாங்காதீர்கள். அது குற்றம், அவன் சொல்லும் மனசாட்சிக்கும் அது அடுக்காது. இந்த வயதில் நம்பிக்கைக்காக நிற்கும் பிள்ளையை நான் மதிக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன்: சேருவதற்கு முன்பே தன் காரணத்தை அகாடமிக்கு எழுதி, பதிலையும் எழுத்தில் வாங்கட்டும். வெலிங்டனில் ஓய்வுபெற்ற அதிகாரி யாரையாவது அவன் நேரில் பார்த்துப் பேசட்டும். பதில் கைக்கு வரும்வரை பாண்டில் கையெழுத்து வேண்டாம்.