சலுகையா, யாருக்கு?

கேள்வி: அரசியல் சட்டம் பெண்களுக்கு எத்தனையோ சலுகைகளைத் தந்திருக்கிறது. அப்படியும் சமத்துவம் வரவில்லை என்றால், சட்டத்தால் வேறு என்னதான் செய்ய முடியும்?

பதில்: சலுகை என்கிறீர்களே, அங்கேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. யாருக்குச் சலுகை கிடைத்தது என்று பார்த்துவிடுவோம்.

1961-ல், அரசியல் சாசனம் அமலுக்கு வந்து 11 ஆண்டுகள் ஆன பிறகு, மத்திய அரசு வெளியுறவுப் பணிக்கு ஒரு விதி எழுதியது. பெண் அதிகாரி கல்யாணம் செய்துகொள்ளும் முன் அரசிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். அப்புறமும், குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசுக்குத் தோன்றினால் அவரை ராஜினாமா செய்யச் சொல்லலாம். பெண்களுக்கு மட்டும்தான் இந்த விதி. வீட்டை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஆண் அதிகாரியை யாரும் கேட்கவில்லை. சலுகை என்றால் அதுதான் சலுகை.

அந்தப் பணியில் சேர்ந்த முதல் பெண்ணான சி.பி. முத்தம்மா, பதவி உயர்வு மறுக்கப்பட்டதும் உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு முடிவதற்குள் அவசர அவசரமாகப் பதவி உயர்வு வந்தது. விதியையும் எடுத்துவிட்டோம் என்றார்கள். மனு 1979-ல் தள்ளுபடியானது. ஆனாலும் நீதிபதி கிருஷ்ணய்யர் விடவில்லை. குடும்பப் பொறுப்பு ஆணுக்கும்தான் இடைஞ்சலாகலாம் என்று தீர்ப்பிலேயே எழுதினார்.

எல்லா நீதிபதிகளும் கிருஷ்ணய்யர் இல்லையே! இரண்டே ஆண்டுகளில், ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் வழக்கு. முதல் முறை கர்ப்பமானால் வேலை போகும் என்ற விதியை நீதிமன்றம் ரத்து செய்தது. வேலையில் சேர்ந்து நாலு வருஷத்துக்குள் கல்யாணம் செய்தால் வேலை போகும் என்ற விதியை மட்டும் நியாயம் என்று விட்டுவிட்டது. குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் அது உதவும் என்று காரணம் வேறு! இரண்டு வழக்கிலும் சாசனம் ஒன்றுதான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சட்டத்தால் கட்டாயப்படுத்த முடியும், கெடு வைக்க முடியும். பெண்களுக்காக அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்கிறது சாசனத்தின் 15(3) பிரிவு. செய்யாமல் இருந்தாலும் கேட்பாரில்லை. 1993-ல் அமலான 73-ஆவது சாசனத் திருத்தம் அப்படி விடவில்லை. ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள் பெண்களுக்கு என்றது. இதற்குப் பொருந்தாத மாநிலச் சட்டங்களுக்கு ஓராண்டுதான் ஆயுள் என்றது. அதனால்தான் லட்சக்கணக்கான பெண்கள் பதவியில் உட்கார்ந்தார்கள்.

மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் அதே மூன்றில் ஒரு பங்கை 2023-ல் கொண்டுவந்தபோது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடியட்டும், தொகுதி மறுவரையறை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று திருத்தத்துக்குள்ளேயே எழுதி வைத்தார்கள். மக்களவையில் ஆதரித்தவர்கள் 454 பேர், எதிர்த்தவர்கள் 2 பேர். தங்கள் நாற்காலி என்றதும் அந்த 454 பேருக்கும் ஒரு தேதி போட ஏன் மனம் வரவில்லை?