எஸ்80 முத்திரை மட்டும் இருந்தால் டைப் ஆர் கியர்பாக்ஸ் ஆகிவிடாது

பழைய பாகங்கள் விற்கும் யார்டில், மேலே எஸ்80 என்ற குறியீடு அடித்திருக்கிறது, அதனால் இது ஹோண்டா இன்டெக்ரா காரின் ஸ்போர்ட்ஸ் வகையான டைப் ஆரின் கியர்பாக்ஸ் என்றால், அந்த முத்திரையை நம்பி டைப் ஆர் விலை கொடுக்காதீர்கள். 1994க்குப் பிந்தைய ஹோண்டா இன்டெக்ராவில் சாதாரண வகையான எல்எஸ்ஸின் பாக்ஸிலும் எஸ்80 என்றுதான் அடித்திருக்கும், யார்டுக்காரர் அதை வைத்தே சொல்லியிருப்பார்.

முதலில் ஆக்ஸில் நுழையும் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். குறுக்கே ஒரு பின் தெரிந்தால் ஓப்பன் டிஃப் (சாதாரண டிஃபரன்ஷியல்), அதாவது டைப் ஆருக்கு வரும் எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் குறைக்கும் டிஃபரன்ஷியல்) உள்ளே இல்லை. மறுபக்க வெளிச்சம் நேராகத் தெரிந்தால் எல்எஸ்டி இருக்கிறது.

அப்புறம் ஐந்தாவது கியரில் போட்டு, இன்புட் ஷாஃப்ட்டில் (எஞ்சின் பக்கத்திலிருந்து கியர்பாக்ஸுக்குள் வரும் தண்டு) சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து, ஒரு பக்க ஆக்ஸில் முனையைத் திரும்பாமல் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை 20 சுற்று சுற்றுங்கள் (கைக்கு வலிக்கும், பரவாயில்லை). கோடு சுமார் 30½ சுற்று சுற்றினால் எல்எஸ். 37 சொச்சம் வந்தால் 4.400 ஃபைனல் டிரைவ் (கடைசி கியர் ஜோடியின் விகிதம்) உள்ள டைப் ஆர். 40½ பக்கம் வந்தால் ஜப்பானில் 1998 முதல் வந்த, 4.785 ஃபைனல் டிரைவ் உள்ள டைப் ஆர்.

ஒன்று, யாராவது ஏற்கெனவே பிரித்து கியர்களை மாற்றிப் போட்டிருந்தால் கணக்கு இடையில் எங்கேயாவது நிற்கும். எல்எஸ் பாக்ஸிலும் பிறகு எல்எஸ்டி போட்டிருக்கலாம், அதனால் டார்ச்சோடு நிறுத்திவிடாதீர்கள்.